சரக்கு லாரி: ஓட்டச் செலவும் ஓட்டுநர் ஓய்வும்

திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலை திட்டக்குடி வட்டத்துத் தொழுதூரைக் கடந்து போகிறது. தென்மாவட்டச் சரக்கு லாரிகளுக்கு இது முதன்மையான தடம். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற வாகன நிறுவனம் தொடங்கியது. 1954இல் டாடா–பென்ஸ் லாரிகள் வந்தன. அதன் பின் லாரியில் சேர்ந்த வசதிகள் பலவும் செலவைக் குறைத்தன. மணிக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உயிரையும் டீசலையும் டயரையும் காக்கிறது. 2021 பிப்ரவரியில் கட்டாயமான பாஸ்டேக், திருமாந்துறை போன்ற சுங்கச்சாவடிகளில் காத்திருப்பைக் குறைத்தது. ஆனால் மிஞ்சிய நேரம் ஓட்டுநரின் தூக்கத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. வாடகை நடைக்கோ டன்னுக்கோ பேசப்படுகிறது. வண்டிக் கடனின் தவணையோ மாதம் தவறாமல் வருகிறது. ஆகவே மிஞ்சிய நேரம் இன்னொரு நடையாகிவிடுகிறது. டீசலும் சுங்கமும் ஏறும்போது உரிமையாளர் தம் கையால் குறைக்கக்கூடியது ஆள்செலவு ஒன்றுதான்.

ஓட்டுநருக்கு ஓய்வு வேண்டும் என்பதைச் சட்டம் முன்பே உணர்ந்திருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைநேரத்தை வரையறுத்தது; 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் அதையே ஏற்றது. ஆனால் 2018இல் தேசிய பெர்மிட் லாரிகளுக்கு இரண்டாவது ஓட்டுநர் தேவையில்லை என விதி திருத்தப்பட்டது. அதே ஆண்டில் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. பாரம் கூடியது, அதை இழுத்துச் செல்பவரின் தோழர் குறைந்தார். நல்ல பிரேக்கும், 2025 அக்டோபர் முதல் புதிய லாரிகளுக்குக் கட்டாயமான குளிரூட்டிய கேபினும் போதாதா என்று கேட்கலாம். இரண்டும் வேண்டியவையே, கோடை வெயிலில் கொதிக்கும் கேபின் களைப்பை எவ்வளவு கூட்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கண் செருகியவர் பிரேக்கை மிதிப்பதே இல்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் தர முடியாது என்ற வாதம் இன்னும் வலுவானது, அது உண்மையும்கூட. அதனால்தான் அந்தச் செலவை அவர் தலையில் மட்டும் கட்டாமல், சரக்கு அனுப்புபவர் தரும் வாடகையில் சேர்க்க வேண்டும். நேரத்தை யார் கண்காணிப்பது என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் விடை உண்டு: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம்; வண்டியில் பொருத்திய கருவியே அதைப் பதிகிறது. நம் லாரிகளில் சரக்கு எங்கே போகிறது என்று பார்க்க வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவியும் வண்டி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதைக் காட்டக்கூடியதே.