லொரேன் நாட்டு இரவு உணவு

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன முடியும் கொடியும், போரும் உடன்படிக்கையுமே. அரண்மனை ஏடுகளில் இடம்பெறாத வரலாறு ஒன்றும் உண்டு, மாணவ நண்பர்களே. அது அடுப்பங்கரையில் வாழ்கின்றது. பிரான்சின் கிழக்கெல்லையில் அமைந்த லொரேன் என்னும் பகுதியின் எளிய இரவு உணவாகிய ‘கீஷ்’ அதற்குச் சான்று.

லொரேன் நெடுங்காலம் தனிக் கோமகன்களின் ஆட்சியில் இருந்தது. கடைசிக் கோமகனாகிய ஸ்தனிஸ்லாவ் 1766ஆம் ஆண்டில் இறந்தபின் அது பிரான்சுடன் இணைந்தது. அதன் வடகிழக்கில் வாழ்ந்தோர் ஜெர்மானியக் கிளைமொழி பேசினர். ஏனையோர் பேசியது பிரெஞ்சுக்கு இனமான மொழி. பணியாரத்தைக் குறிக்கும் ‘கூக்கன்’ என்னும் ஜெர்மன் சொல்லே மக்கள் நாவில் திரிந்து ‘கீஷ்’ ஆயிற்று என்பர் மொழிநூலார். பெயர் ஜெர்மானியம்; புகழோ பிரெஞ்சு உணவு என்பது!

அதனைச் செய்யும் முறை எளிது. ரொட்டி சுடும் நாளில் எஞ்சிய மாவை மெல்லிதாகத் தட்டி, வட்டத் தட்டில் விளிம்புவரை பரப்புவர். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சித் துண்டுகளை அதன்மேல் தூவுவர். முட்டையும் பாலேடும் கலந்து அடித்து ஊற்றி, ரொட்டியடுப்பில் வைப்பர். ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில் முட்டைக் கலவை மென்மையாக இறுகும். வெப்பம் மிகுந்தால் திரிந்து நீர் விடும். பக்குவம் அறிந்து எடுத்தால், உழைத்துக் களைத்த குடும்பத்திற்கு அதுவே நிறைவான உணவு.

இந்த அமைதியான அடுப்பைச் சுற்றித்தான் பேரரசுகள் மோதின. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. 1871ஆம் ஆண்டின் பிராங்க்பர்ட் உடன்படிக்கை லொரேனைப் பிளந்தது. மெட்ஸ் நகரும் அதன் சுற்றுப்புறமும் ஜெர்மனிக்குச் சென்றன; நான்சி நகர் பிரான்சிலேயே நின்றது. 1919இல் வெர்சாய் உடன்படிக்கையின்படி மெட்ஸ் பிரான்சுக்கு மீண்டது. 1940இல் ஹிட்லரின் ஆட்சி அதனை மறுபடியும் பறித்தது. பிரெஞ்சு மொழியைத் தடை செய்தது. பிரெஞ்சு பேசியோர் பலரை வீட்டை விட்டே வெளியேற்றியது. 1945க்குள் லொரேன் முழுவதும் விடுதலை பெற்றது. 1865இல் மெட்ஸ் நகரில் பிறந்து எண்பது ஆண்டு வாழ்ந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் இடம்பெயராதிருந்தாலும், அவர் தலைமேல் நாடு நான்கு முறை மாறியிருக்கும்!

அப்படியாயின், கீஷ் மட்டும் மாறாமல் நின்றதா? இல்லை. ரொட்டி மாவின் இடத்தில் வெண்ணெய் சேர்த்த மாவு வந்தது. பிற்காலத்தில் பாலாடைக்கட்டியும் சேர்ந்தது. அமெரிக்க இல்லங்களுக்குப் பிரெஞ்சுச் சமையலை அறிமுகப்படுத்திய ஜூலியா சைல்டும் அவர்தம் தோழியரும் 1961இல் வெளியிட்ட நூல், பழைய லொரேன் முறையில் பாலாடைக்கட்டி இல்லை என்பதை நினைவூட்டியது. எனினும் இன்று கீரையும் காளானும் வெங்காயமும் இட்டுப் பல நாட்டு மக்கள் அதனைச் செய்கின்றனர்.

இரு மாற்றங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குங்கள். எல்லைகளை மாற்றியவர்கள் மக்களைக் கேட்கவில்லை. உணவை மாற்றியவர்களோ அதனைச் சமைத்து உண்ட மக்களே. முன்னதில் கண்ணீர் இருந்தது. பின்னதில் விருப்பம் இருந்தது. உடன்படிக்கைகளின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும்போது, அந்த ஆண்டுகளிலும் மாலைதோறும் யாரோ ஒருவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார் என்பதையும் மறவாதீர்கள்.