எண்ணிமத் தொல்லியல் நிலவரைபடம் (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

தொல்லிடங்களைப் புவித் தகவல் முறைமையில் பதிந்து, ஆய்வாளரல்லாதாரும் திரையில் தேடிக் காண வகைசெய்யும் வரைபடம். தென்னிந்தியாவில் குறிப்பிடத்தக்கது, எ. சுப்பராயலு வழிநடத்திய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வரலாற்று நிலவரைபடத் தொகுப்பு. தொல்பழங்காலம் முதல் பொ.ஆ. 1600 வரையிலான தரவுகள் கொண்டது.

தேனி மாவட்டத்தில் இம்முறைக்கு நன்கு பொருந்தும் இடம் புலிமான்கோம்பை. வைகைக் கரையிலுள்ள இவ்வூரில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தது. ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், பட்ட தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். கல்லில் வரும் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள அப்பெயருடைய ஊரே என்பாருண்டு; இரு புள்ளிகளுக்கும் இடையிலான தொலைவையும் ஆற்றுவழியையும் வரைபடத்தில் கண்டு வாசகரே இதை எடைபோடலாம். ஆனால் துல்லியமான ஆயத்தொலைவுகள் புதையல் தேடுவோர்க்கும் வழிகாட்டும். எனவே பொதுப் பதிப்புக்கு ஊரளவிலான குறியீடே தக்கது.