ஆறு மாதக் காத்திருப்பு

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது டெரி ஃபாக்ஸ் ஓட்டத்துக்கான டி-சட்டை ஒன்று வாங்கினேன். ஓடியது என்னவோ பாதித் தூரம்தான். மீதியை நண்பர்களோடு கதையடித்துக்கொண்டே நடந்து முடித்தோம். சட்டையில் இருந்த சுருள்முடிப் பையன் யாரென்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். கனடாக்காரர். 1977-இல், 18 வயதில், வலது காலை முழங்காலுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் எடுத்துவிட்டார்கள். ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தார்.

எனக்கு எழுந்த கேள்வி ரொம்பச் சாதாரணமானது. ஏன் வெட்டினார்கள்? கதிர் பாய்ச்சிக் கட்டியை அழித்திருக்கக் கூடாதா? அதற்கான கருவிகள் அன்று இருந்தனவே. தேடிப் போனால், அதற்கு இருபது முப்பது ஆண்டுகள் முன்பிருந்தே மருத்துவர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் ஸ்டான்ஃபோர்ட் கேய்ட் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். ஆஸ்டியோசர்கோமா பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, எலும்பு வேகமாக வளரும் முழங்கால் பக்கத்தில் வருவது. அன்றைய கணக்குப்படி, காலை எடுத்தாலும் ஐந்தில் நான்கு பேர் பிழைக்க மாட்டார்கள். வெட்டுகிற நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் நுரையீரலில் போய் உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் சாகப்போகிற பிள்ளையின் காலை எதற்கு வெட்ட வேண்டும்? கேய்ட் ஒரு முறையை வகுத்தார். முதலில் கட்டிக்கு 7,000 முதல் 8,000 ரேட் வரை கதிர். பிறகு நான்கு முதல் ஆறு மாதம் காத்திருப்பு. அதற்குள் நுரையீரல் எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தால் காலைத் தொட வேண்டாம், பிள்ளை இரண்டு காலோடு போகட்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் மட்டும் வெட்டுவது. 133 நோயாளிகளை வைத்து 1955-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு மாதம் சும்மா உட்கார்ந்து பார்ப்பதா? இரண்டாம் முறை படித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. காலை எடுத்த கையோடு பிள்ளையின் சாவையும் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒருவரின் ஏற்பாடு அது. இரக்கமும் கையாலாகாத்தனமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அந்த ஆறு மாதத்தில் அம்மாக்கள் எதற்காக வேண்டிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நுரையீரல் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதானே? அந்த வேண்டுதல் பலித்தால் கால் போகும்.

காத்திருப்புக்குப் பிறகு வெட்டிய கால்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் ஒரு புற்றணுகூட உயிரோடு இல்லை. மற்றவற்றில், அவ்வளவு கதிருக்குப் பிறகும், இருந்தன. ஆஸ்டியோசர்கோமா கதிருக்கு மசியாத நோய் என்ற பெயர் இப்படித்தான் கெட்டிப்பட்டது. ஒரு பொருள் உடையவில்லை என்றால் எங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு முதலில் விசையைக் கூட்டத்தான் தோன்றும். இங்கே அது நடக்காது. கட்டிக்கு முன்னால் தோலும் தசையும் நரம்பும் வெந்துபோகும். கதிரைக் கூட்ட முடியாது என்றால் கட்டியை மாற்ற வேண்டும்.

அதற்கு வழி காட்டியவர் மருத்துவர் இல்லை, லூயிஸ் ஹெரால்ட் கிரே என்ற ஆங்கில இயற்பியலாளர். இன்று கதிரின் அளவை நாம் சொல்லும் கிரே என்ற அலகு அவர் பெயர்தான். ஒரு கிரே என்றால் 100 ரேட். 1953-இல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை சொன்னது இது: கதிர் படும் நேரத்தில் உயிரணுவில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது சாகும் அல்லது தப்பிக்கும். கதிர் டிஎன்ஏவில் ஒரு காயத்தை உண்டாக்குகிறது. ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தால் அந்தக் காயத்தோடு சேர்ந்து அதை ஆறாத புண்ணாக்கிவிடும். இல்லையென்றால் உயிரணுவே அதைச் சரிசெய்துகொள்ளும். ஆக்சிஜன் இல்லாத அணுவைக் கொல்லக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கதிர் வேண்டும்.

முழுக்கப் புதிய சேதி என்றும் சொல்ல முடியாது. 1909-லேயே வியன்னாவில் காட்வால்ட் ஷ்வார்ஸ் என்பவர், ரேடியத்தைத் தோலில் வைத்து அழுத்தினால், அதாவது அந்த இடத்தில் ரத்தம் ஓடாமல் செய்தால், தோல் குறைவாகவே புண்ணாவதைக் கவனித்திருந்தார். காரணத்தைப் பிடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

1955-இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார்கள். ரத்தக் குழாயை ஒட்டிய அணுக்கள் நன்றாக இருந்தன. இரண்டு தலைமுடித் தடிமன் தள்ளிப் போனால் எல்லாம் செத்துக் கிடந்தது. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் ஊறிப் போகும். சாவுக்கும் உயிருக்கும் நடுவே மூச்சுத் திணறிக்கொண்டு ஒரு மெல்லிய அடுக்கு இருந்தாக வேண்டும். கதிருக்குத் தப்புவது அதுதான்.

ஆக்சிஜன் குறைகிறதா, ஊட்டிவிடலாம். அதே 1955-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் என்பவர் நோயாளிகளை இரும்புத் தொட்டிக்குள் படுக்கவைத்து, மூன்று வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றி, கதிர் கொடுத்தார். தொடக்கத்தில் நோயாளிகளை மயக்கத்தில் ஆழ்த்தி, அழுத்தம் தாங்காதென்று செவிப்பறையில் துளையும் போட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு நேர் எதிரான யோசனை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஹெர்மன் சூட்டும் லிண்ட்பெர்க்கும், கை கால்களில் வரும் சர்கோமாக்களுக்கு, மேலே இறுக்கமாகக் கட்டுப்போட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டுக் கதிர் கொடுத்தார்கள். 1968-இல் அதை வெளியிட்டார்கள். கட்டியின் ஒரு பகுதிக்கு ஆக்சிஜன் இல்லை, சுற்றியிருக்கும் நல்ல தசைக்கு நிறைய இருக்கிறது. இந்த ஓரவஞ்சனைதானே சிக்கல்? அப்படியானால் யாருக்குமே ஆக்சிஜன் வேண்டாம். நல்ல தசையும் அதே அளவு தாங்கும். பிறகு தைரியமாகக் கதிரைக் கூட்டலாம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியும் கட்டும் எலும்புப் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை.

கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் கோஃபினெட், கேப்லன் குழு வேறு பக்கமாகப் போனது. புரோமோடியாக்சியூரிடின் என்ற மருந்து, டிஎன்ஏ கட்டப் பயன்படும் தைமிடினைப் போலவே இருக்கும் போலிச் செங்கல். பிரிந்து பெருகும் அணு ஏமாந்து அதை எடுத்துச் சுவரில் வைத்துவிடும். பிறகு கதிர் பட்டால் அந்தச் சுவர் எளிதாக இடியும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இதைக் கொடுத்தபோது, வாயின் உட்தோலும் வேகமாகப் பெருகுவதால் அதுவும் ஏமாந்து புண்ணானது. ஆனால் காலில் கட்டியைச் சுற்றியிருக்கும் தசையும் எலும்பும் அப்படிப் பெருகுவதில்லை. எனவே ரத்தக் குழாய்க்குள் குழாய் விட்டு மருந்தை நேரே கட்டிக்குச் செலுத்திவிட்டுக் கதிர் கொடுத்தார்கள். 1975-இல் அந்தக் கட்டுரை வந்தது. டெரியின் காலை எடுப்பதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு.

அப்புறம் ஏன் வெட்டினார்கள்? காரணம் கேய்டின் அந்த ஆறு மாதத்திலேயே இருக்கிறது. காலில் பாய்ச்சும் கதிர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் நுரையீரலில் உட்கார்ந்திருப்பதை என்ன செய்யும்? 1974-இல் அதிக அளவு மெதோட்ரெக்சேட்டும் ஏட்ரியமைசினும் இந்த நோயில் வேலை செய்வதாகக் கட்டுரைகள் வந்தன. (மெதோட்ரெக்சேட் பிறந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) உடம்பெங்கும் ஓடும் மருந்து வந்ததும் காத்திருப்புக்கு வேலை இல்லாமல் போனது. மருந்து, அறுவை, மறுபடி மருந்து என்று வரிசை மாறியது. ஐந்தில் ஒருவர் பிழைத்த நிலை பத்தில் ஆறேழு பேர் என்று உயர்ந்தது. பலருக்குக் காலை வெட்டாமல் எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் வைக்கவும் முடிந்தது. கதிர் ஓரமாகப் போய்விட்டது.

முழுக்கப் போய்விடவில்லை. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் கட்டி வந்தால் எதை வெட்டுவது? பழைய கேள்வி அவர்களுக்காக இன்னும் திறந்தே இருக்கிறது. எலும்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க சமேரியத்தை ரத்தத்தில் ஏற்றி, அது உள்ளே கதிர் வீசும்போதே கட்டியைக் கதிருக்கு இளக்க ஜெம்சிடபைன் என்ற மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். பீட்டர் ஆண்டர்சன் குழு 2005-இல் இதை வெளியிட்டது. சிலருக்குக் கட்டி சுருங்கியது, பெரும்பாலும் நீடிக்கவில்லை.

ஜப்பானின் சிபாவில் கட்டியை விட்டுவிட்டுக் கதிரையே மாற்றினார்கள். எக்ஸ் கதிருக்குப் பதில் கார்பன் அயனி. அது கனமானது, டிஎன்ஏவின் இரு இழைகளையும் நெருக்கமாக உடைக்கும், அதனால் ஆக்சிஜனின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. அறுவை செய்ய முடியாத உடற்பகுதி ஆஸ்டியோசர்கோமா நோயாளிகள் 78 பேரின் முடிவுகளை 2012-இல் வெளியிட்டார்கள். ஐந்தாண்டில் 62 விழுக்காட்டினருக்குக் கட்டி இருந்த இடத்தில் அடங்கியே இருந்தது. உயிரோடு இருந்தவர்கள் 33 விழுக்காடு. கட்டி பெரிதாக இருந்தவர்களுக்குப் பலன் குறைவு.