தொடர்ந்து தோற்கும் சிறுவர் கால்பந்து அணி... கோச் என்ன செய்யணும்?

சென்னை ஓஎம்ஆரில் நாவலூர், சிறுசேரி பக்கம் சாயங்காலம் போனால், விளக்கு போட்ட டர்ஃப் மைதானங்களில் சிறுவர்கள் கால்பந்து ஆடுவதைப் பார்க்கலாம். போட்டி என்று வந்துவிட்டால் ஏதாவது ஓர் அணி வாராவாரம் தோற்கத்தான் செய்யும். 0-6, 0-8 என்று தோற்றுவிட்டு 11 வயதுப் பிள்ளை முகம் வாடி வரும்போது, "வேற அகாடமிக்கு மாத்திடலாமா?" என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். "சுமாரா ஆடுறவங்கள உட்கார வச்சிடலாமா?" என்று கோச் யோசிக்கிறார். இரண்டுமே அவசர முடிவுகள்தான். ஏன் என்று பார்ப்போம்.

தோல்விக்குத் திறமைக் குறைவுதான் காரணமா?

எப்போதும் அப்படி இல்லை. வயதுப் பிரிவுகள் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஜனவரியில் பிறந்த பையனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவில்தான் ஆடுவார்கள். 11 வயதில் இந்த 11 மாத வித்தியாசம் உயரத்திலும் வேகத்திலும் நன்றாகவே தெரியும். இதற்கு 'ஒப்பீட்டு வயது விளைவு' என்று பெயர். பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பது ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். அதாவது, இன்று பின்தங்கும் பிள்ளை நாளையும் பின்தங்குவான் என்று சொல்ல முடியாது.

பயிற்சியில் எதை மாத்தணும்?

முதலில் வரிசையை ஒழிக்க வேண்டும். கோன் வைத்து 12 பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தினால், ஒருவர் ஆட 11 பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அதே 12 பேரை நான்கு அணிகளாகப் பிரித்து, இரண்டு சிறிய களங்களில் 3-க்கு 3 ஆடவிட்டால் எல்லோர் காலுக்கும் பந்து வரும். 2018-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தொடங்கிய 'கோல்டன் பேபி லீக்' போட்டிகளும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, ஆட்கள் குறைவான சிறிய களங்களில்தான் நடத்தப்பட்டன.

மேட்ச் அன்னைக்கு என்ன செய்யலாம்?

* "ஜெயிச்சே ஆகணும்" என்று சொல்லாமல், எட்டக்கூடிய ஓர் இலக்கு கொடுங்கள். உதாரணமாக, கோல்கீப்பரில் தொடங்கி 3 பாஸ் தொடர்ச்சியாகப் போக வேண்டும்.

* இடைவேளையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள். ஐந்து தவறுகளைச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது.

* எல்லோருக்கும் குறைந்தது பாதி நேரமாவது ஆட வாய்ப்பு கொடுங்கள்.

* கடலோரப் புழுக்கத்தில் உடம்பு சீக்கிரம் சோர்ந்துவிடும். தண்ணீர் குடிக்க இடையிடையே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லா மேட்சிலும் தோற்ற இந்திய அணி

2017 அக்டோபரில் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நினைவிருக்கிறதா? டெல்லியில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. கொலம்பியாவுக்கு எதிராக 82-வது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டி கோலாக்கினார். ஃபிஃபா உலகக் கோப்பைகளில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆனால் அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

இதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த அணியைக் கலைக்கவில்லை. பெரும்பாலான வீரர்களை 'இந்தியன் ஏரோஸ்' என்ற பெயரில், கோச் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் தலைமையிலேயே ஐ-லீக்கில் இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் சென்னை சிட்டி அணியை 3-0 என வீழ்த்தினார்கள். ஆனாலும் பெரியவர்களோடு மோதிய அந்த சீசனில் கடைசி இடம்தான் கிடைத்தது. 2023-ல் இந்தியா தெற்காசிய (சாஃப்) கோப்பையை வென்றபோது, சீனியர் அணியில் ஜீக்சன் சிங், அன்வர் அலி, ரஹீம் அலி ஆகியோர் இருந்தார்கள். மூவரும் அன்று தோற்ற அணியின் பிள்ளைகள்.

வியாசர்பாடி சொல்லும் பாடம்

வடசென்னை வியாசர்பாடியில் 1997-ல் உமாபதி, தங்கராஜ் இருவரும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு கால்பந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். விளையாட்டோடு படிப்பையும் சேர்த்தே பார்த்தார்கள். பிள்ளைகள் தினமும் மைதானத்துக்கு வருவதே அங்கே பெரிய வெற்றி. அதே வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ், 2018 ஐஎஸ்எல் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக சென்னையின் எஃப்சிக்காக கோல் அடித்தார். அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்கே வந்தது.

பெற்றோர் என்ன செய்யணும்?

கோட்டுக்கு வெளியே நின்று "அடி, அடி" என்று கத்தாதீர்கள். கோச் சொல்வதும் பிள்ளைக்குக் கேட்காது. வீட்டுக்குத் திரும்பும்போது "எத்தனை கோல் வாங்கினீங்க?" என்பதற்குப் பதிலாக "இன்னைக்கு எது ஜாலியா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

மாமல்லபுரத்தில் உள்ள எஃப்சி மெட்ராஸ் போன்ற உறைவிட அகாடமியில் இடம் பிடிப்பது இந்தப் பகுதிப் பிள்ளைகள் பலரின் கனவாக இருக்கலாம். எல்லோருக்கும் 11 வயதிலேயே அது நடக்காது. 15 வயதில் உயரமாகி, வேகம் பிடிக்கும் பிள்ளையும் உண்டு. அதுவரை அவன் கால்பந்தை விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே, அடுத்த முறை 0-8 என்று தோற்றால், ஸ்கோரை விட்டுவிட்டு இன்னொரு எண்ணிக்கையைப் பாருங்கள். மறுநாள் பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள்? எல்லோரும் வந்திருந்தால் கோச் சரியான வழியில்தான் போகிறார்.