பனிச்சாலையில் தானியங்கி மகிழுந்து: மாறிய பிரேக் பாடம்

1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ரா-மேட்டிக் எனும் தானியங்கி கியர் அமைப்பை அறிவித்தது. 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் மகிழுந்துகளில் அது இடம்பெற்றது. கிளட்ச் மிதி ஒழிந்தது ஓட்டுநருக்குப் பெரிய நிம்மதி. பனிக்காலமோ அதன் மறுபக்கத்தைக் காட்டியது. கியரில் இருக்கும் தானியங்கி வண்டியை, ஆக்சிலரேட்டரை மிதிக்காவிட்டாலும், இயந்திரம் மெல்ல உந்திக்கொண்டே இருக்கும். காய்ந்த சாலையில் இது பொருட்டன்று. உறைந்த சாலையில், பிரேக் பிடித்த முன்சக்கரங்கள் சுழலாமல் சறுக்க, பின்சக்கரங்கள் வண்டியை முன்னே தள்ளும். வழுக்கும் இடத்தில் நிறுத்தும்போது நியூட்ரலுக்கு மாற்றச் சொன்னது இதனால்தான். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்க வேண்டும் என்பதும் அக்காலப் பாடமே. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பயனில்லை.

1978இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ்-கிளாஸில் வந்தபின் இப்பாடம் தலைகீழானது. விட்டுவிட்டுப் பிடிக்கும் வேலையை, மனிதக் காலைவிட மிக விரைவாக, அக்கருவியே செய்தது. ஓட்டுநர் மிதியை அழுத்தியபடியே இருந்தால் போதும். ஆனால் மிதியில் எழும் அதிர்வைக் கோளாறென்று அஞ்சிக் காலை எடுத்தவர்கள் உண்டு. உயிர்காத்த பழைய பழக்கமே இங்கு ஆபத்தானது.

ஏபிஎஸ் இருந்தால் பனியில் வண்டி உடனே நிற்கும் என்பதும் தவறு. இறுகாத பனியில், பூட்டிய சக்கரம் தன்முன் பனியைக் குவித்துத் தடையாக்கிக்கொள்ளும். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுழலவிடுவதால் அக்குவியல் சேராது, நிற்கும் தொலைவு கூடலாம். திசைமாற்றும் திறனைக் காப்பதே அதன் முதற்பணி.