கேரவனும் காஃபிலாவும்: பயணத் தண்ணீரின் வரலாறு



வீட்டு வசதிகளோடு சாலையில் ஓடும் வண்டியை இன்று 'கேரவன்' என்கிறோம். பயணக்கூட்டத்தைக் குறிக்கும் 'காரவான்' என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது அது. அரபியில் அதையே காஃபிலா என்பர். பெயரைப் போலவே அதன் முதற்கவலையும் பழையது: வழியில் குடிக்கத் தண்ணீருக்கு என்ன ஏற்பாடு? அமராவதி ஆறு பாயும் கொமரலிங்கத்தில் வாழும் நாம் இக்கவலையின் கடுமையை எளிதில் உணர்வதில்லை. ஹஜ்ஜுப் பயணிகள் கடந்த பாலைவழிகளின் வரலாறு அதை உணர்த்தும்.

1340களில் மதுரை சுல்தான்களின் ஆட்சிக்காலத்தில் நம் தமிழ் மண்ணுக்கு வந்தவர் இப்னு பதூதா. அதற்கு முன்பே, 1326இல், அவர் திமிஷ்கிலிருந்து ஹஜ்ஜுக் காஃபிலாவுடன் புறப்பட்டார். தபூக்கில் கூட்டம் நான்கு நாள் தங்கிற்று. எருமைத்தோலால் செய்த பெருந்தொட்டிகளில் நீர் நிரப்பி ஒட்டகங்களுக்குக் காட்டினர்; பயணிகளின் தோற்பைகளையும் நிரப்பினர். தலைவர்களுக்குத் தனித் தொட்டிகள் இருந்தன. ஏனையோர் நீர் சுமப்போருக்குக் கூலி கொடுத்தனர். அப்பால் உள்ள வழியில் ஓராண்டு அனல்காற்றால் நீர் வற்றி, ஒரு மடக்குத் தண்ணீர் ஆயிரம் தீனாருக்கு விற்றதாம். விற்றவரும் மாண்டார், வாங்கியவரும் மாண்டார் என்று அவர் பதிவு செய்துள்ளார்.

இத்தகைய துயரைத் துடைக்க முன்வந்தவர்களுள் தலையாயவர், கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் (மறைவு ஹிஜ்ரி 216, கி.பி. 831). கூஃபாவிலிருந்து மக்கா வரையிலான பாதையில் கிணறுகளும் குளங்களும் அமையப் பெரும்பொருள் ஈந்தார். அப்பாதை இன்றும் அவர் பெயராலேயே 'தர்பு ஸுபைதா' என வழங்குகிறது. அங்குள்ள குளங்கள் சிலவற்றில் மழைவெள்ளம் நேரே சேர்வதில்லை. முதலில் ஒரு சிறு தொட்டியில் தேங்கி, வண்டல் அடியில் தங்கியபின், தெளிந்த நீரே பெருங்குளத்தை அடையும். நம் ஊர்ப் பெண்டிர் தேற்றான்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்ததும் இதே நோக்கத்தால்தான்.

தெளிந்த நீரைக் காப்பதற்கும் மார்க்கம் வழிகாட்டியுள்ளது. பாத்திரங்களை மூடிவைக்கவும் தோற்பைகளின் வாயைக் கட்டிவைக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். பையின் வாயில் வாய்வைத்துப் பருகுவதைத் தடுத்தார்கள். ஃபிக்ஹு நூல்கள் மேலும் ஒன்று கூறுகின்றன: பயணி தன்னிடமுள்ள நீரை உளூவுக்குச் செலவிட்டால் தாகத்தால் துன்புற நேருமென அஞ்சினால், அதைக் குடிக்க வைத்துக்கொண்டு தயம்மும் செய்யலாம். உடனிருக்கும் மனிதரின் தாகத்திற்கும், வாயற்ற கால்நடையின் தாகத்திற்கும் இதுவே சட்டம். தொழுகைக்கான நீரையும் விட உயிரின் தாகத்தை முன்வைத்த மார்க்கம் நம்முடையது.

வேனில் ஏறிக் குடும்பத்தோடு பயணம் செல்லும் நாம் இவ்வரலாற்றிலிருந்து பெறவேண்டியவை சில. தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. வண்டல் நீங்கினாலும் கிருமி நீங்காது. ஐயமுள்ள நீரை வடிகட்டிய பின், நன்கு கொதி வந்து ஒரு நிமிடமேனும் கொதிக்க விட்டு ஆற்றுக. கழுவிய, மூடியுள்ள கலத்தில் நிரப்புக. கையை உள்ளே விடாமல் குழாய் வழியே எடுக்க. குடிநீரையும் கழுவும் நீரையும் வெவ்வேறாக வைக்க. ஒரு கேன் கூடுதலாகவும் இருக்கட்டும். வழியில் தாகித்து நிற்பவர் எவராயினும் அவருக்கும் அதில் பங்குண்டு.

ஆயிரம் தீனார் கொடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. நீரை விலையின்றி வழியெங்கும் வைத்தவரின் பெயரோ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகப் பாதைக்கே பெயராய் நிற்கிறது. அத்தகைய நிலையான தர்மத்தில் அல்லாஹ் நமக்கும் பங்கருள்வானாக. ஆமீன்.