இடம் மாறிய கணையம்



நான் மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில், எங்கள் ஆசிரியர் ஒருநாள் கண்ணாடிக் குடுவையில் பதப்படுத்தியிருந்த இரைப்பை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் உட்சுவரில், கீழ்ப்பகுதியில், நெல்லிக்காய் அளவினதாய் ஒரு புடைப்பு. அதன் நடுவே தொப்புள் போன்றதொரு குழி. "இது என்ன?" என்று வினவினார். "கட்டி" என்றோம். "அன்று; கணையம்" என்றார் அவர். இரைப்பைக்குப் பின்னே இருக்கவேண்டிய கணையம் அதன் சுவருக்குள் இருப்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது.

கணையம் என்னும் உறுப்பைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அதன் பயனை அறிந்தாரில்லை. 1642ஆம் ஆண்டில் இத்தாலியின் பதுவா நகரில் விர்சுங் என்ற ஜெர்மானியர் அதனூடே ஓடும் குழாயைக் கண்டார். அது இன்னதென்று துணிய இயலாமல், செப்புத் தகட்டில் படமாகப் பொறித்து, அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். தெளிவு பிறக்குமுன்னரே, 1643இல் கொலையுண்டு மாண்டார்.

1727இல் ஷூல்ட்ஸ் என்பார், சிறுகுடலின் பக்கப்பை ஒன்றில் கணையத் திசு இருக்கக் கண்டதாகக் குறித்தார். இடம் மாறிய கணையத்தைப் பற்றிய முதற் குறிப்பு இதுவே என்பர். ஆனால், கண்ணுக்கு அப்படித் தோன்றினால் மட்டும் போதுமா? 132 ஆண்டுகள் கழித்து, 1859இல், க்ளோப் என்பவர் அத்தகைய திசுவை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்து, அது கணையமே என்று உறுதிசெய்தார்.

1869இல் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர், கணையத்தினுள்ளே தீவுகள் போல் சிதறிக் கிடந்த உயிரணுக் கூட்டங்களைக் கண்டார். அவை எதற்கென்று அவருக்கும் விளங்கவில்லை. இன்சுலின் சுரப்பவை அவையே என்பது பின்னாளில் தெளிவாயிற்று. 1909இல் ஹைன்ரிக் என்பவர் இடம் மாறிய கணையத்தை மூவகையாகப் பிரித்தார்: தீவுகள், சுரப்பணுக்கள், குழாய்கள் எல்லாம் உடையது, தீவுகள் மட்டும் இல்லாதது, வெறும் குழாய்களே உள்ளது. விர்சுங் கண்ட குழாயும் லாங்கர்ஹான்ஸ் கண்ட தீவுகளும் இப்பிரிவில் இடம்பெற்றன.

இது எப்படி நேர்கிறது? கருவில் முன்குடலிலிருந்து இரு மொட்டுகள் கிளைத்து, பின்னர் இணைந்து கணையமாகின்றன. அப்போது பிரிந்த சிறு துணுக்கு, நாற்றங்காலில் விதைக்கையில் வரப்பில் சிந்திய நெல் அங்கேயே முளைப்பதுபோல், இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ தங்கி வளர்கிறது என்று கருதுவர்.

பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை. சிலர்க்கு மட்டும் அழற்சியோ, குருதிக் கசிவோ, உணவுப் பாதையில் அடைப்போ உண்டாகலாம். தீங்கு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. இத்திசு பொதுவாகச் சளிச்சவ்வின் அடியில் மறைந்து கிடப்பதால், உள்நோக்கிக் கருவியால் மேலாகக் கிள்ளியெடுக்கும் துணுக்கில் அகப்படாமற் போகக்கூடும். ஆகவே புற்றுநோயோ என்ற ஐயம் எழுகிறது. உள்நோக்கியின் நுனியில் ஒலியலைக் கருவியைப் பொருத்திச் சுவரின் அடுக்குகளையே காணும் முறை இன்று துணைசெய்கிறது.

அன்று குடுவையை மீண்டும் அலமாரியில் வைக்கும்போது ஆசிரியர் சொன்னார்: "இந்த இரைப்பைக்கு உரியவரைச் சோதித்த மருத்துவரும் உங்கள் விடையைத்தான் சொன்னார். அதனால்தான் இது இங்கே இருக்கிறது." வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்றைக் காண்பது வேறு, அதை இன்னதென்று அறிவது வேறு என்பதை நான் கற்றுக்கொண்டது அன்றுதான்.